தப்புச் சத்தமும் ஒரு கைத்தொலைபேசியும்

பூனாகலையில் கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கத் தொடங்கினால் அந்தத் தாய் லயத்துக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே மகன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பான். அவனுக்கு ஓட்டிசம். பேச்சு இல்லை.

கலவரத்துக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் அவர்களுடையது. 2009 இல் வயிற்றுப் பிள்ளையோடு பங்கருக்குள் கிடந்துவிட்டுப் பின்பு உறவினரை நம்பி இங்கு வந்தவர் இந்தத் தாய். “நான் ஷெல்லுக்குப் பயந்தேன் மிஸ், அந்தப் பயந்தான் புள்ளைக்குப் போயிருச்சி” என்று பலமுறை அழுதிருக்கிறார். சகோதரிகளே, உங்களிலும் சிலர் இப்படி எண்ணி உருகிக்கொண்டிருக்கலாம். ஓட்டிசத்தில் பெரும்பங்கு மரபணுக்களுக்கு உண்டு. ஷெல் விழாத நாடுகளிலும் இப்பிள்ளைகள் பிறக்கிறார்கள். நீங்கள் பயந்தது குற்றமல்ல.

இசைச் சிகிச்சை என்றால் பாட்டுப் போட்டுப் பிள்ளையை அமைதிப்படுத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதுமட்டுமல்ல. பிள்ளை எழுப்பும் ஓசைக்கு நாம் ஓசையால் பதில் சொல்லி, அடுத்ததற்குக் காத்திருப்பதே அதில் முக்கியம். இங்கிலாந்தில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர் 1980களில் ‘சவுண்ட்பீம்’ என்றொரு கருவியை உருவாக்கினார். வௌவாலைப் போல, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரே அசையும் கையின் தூரத்தை அறிந்து அதை இசையாக்கும். நடனக்காரருக்காக எண்ணியது, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அது எங்கள் கைக்கு எட்டாது. எங்களிடம் இருந்தது கண்ணாடி கீறிய ஒரு கைத்தொலைபேசி. காசில்லாமல் கிடைக்கும் பியானோ செயலி ஒன்றை அதில் போட்டோம். மகன் ஒரு கட்டையைத் தொட்டான். தாயும் அதையே தொட்டார். அவன் இரண்டு தட்ட, அவரும் இரண்டு. மூன்றாம் கிழமை தாய் வேண்டுமென்றே சும்மா இருந்தார். அவன் அவருடைய விரலைப் பிடித்துக் கட்டையில் வைத்தான்.

கருவியில் ஓசை மாறாது, சத்தத்தைக் குறைக்கலாம். தப்பையும் பதிவு செய்து, மிக மெல்லமாக, அவனே அழுத்தக் கொடுத்தோம். காதைப் பொத்தினால் அன்றைக்கு அத்துடன் சரி.

குணமாக்கித் தருவதாகப் பணம் கேட்பவரை நம்பவேண்டாம். 2017 இல் வெளியான ஆய்வில் ஒன்பது நாடுகளின் 364 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். இசைச் சிகிச்சையால் ஓட்டிசத்தின் கடுமை மேலதிகமாகக் குறையவில்லை. 2022 இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் அது உதவக்கூடும் எனத் தெரிந்தது. பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு எழுந்து போவது இதில் சேராது. (கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாயிடம் இதைச் சொல்ல எனக்கே வாய் கூசும்.) பத்து நிமிடம் போதும், பக்கத்தில் இருந்தால்.

இம்முறை திருவிழாவில் லயத்துக் கதவு பாதி திறந்திருந்தது. மகன் காதைப் பொத்தியபடிதான் நின்றான். தப்புக்காரர் தாண்டிப் போகும்வரை வாசலிலேயே நின்றான்.