ரெண்டாவது நாயனம் எதுக்கு? ஒரு நாதஸ்வர செட் இயங்குவது எப்படி, சுருங்குவது ஏன்?

சிவகாசியில் அச்சாகும் காலண்டரை நாம் லீவு நாள் பார்க்கப் புரட்டுவோம். நாதஸ்வரக் கலைஞர்கள் தேடுவது முகூர்த்த நாட்களை. அடுத்த வருடம் மொத்தம் எத்தனை, அதில் ஞாயிற்றுக்கிழமையில் விழுவது எத்தனை என்பதுதான் அவர்களுக்கு வருமானக் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் ஆடி வந்தால் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டமும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரும் இருக்கின்றன. பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கல். ஆக, கல்யாணம், திருவிழா என்று இரண்டு காலண்டர்களில் ஓடுகிற பிழைப்பு இது.

மேற்கத்திய இசையில் 'விண்ட் குவின்டெட்' என்று ஒரு சின்னக் குழு உண்டு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், கூடவே ஒரு ஹார்ன். ஐந்து பேர், கண்டக்டர் கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வாசிப்பார்கள். அரங்குக்குள் உட்கார்ந்து கேட்கும் இந்த மாதிரி இசைக்கு 'சேம்பர் மியூசிக்' என்று பெயர். நம்ம ஊர் நாதஸ்வர செட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடந்துகொண்டே, தெருவில், வெயிலில், பக்கத்தில் சரவெடி வெடிக்கும்போதும் வாசிக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

செட்டில் யார் யார்?

முழு செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு ஒத்து. ஒத்து பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைக்கத் துளைகள் இருக்காது. ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே கன்னத்தில் சேர்த்த காற்றை ஊத வேண்டும். முயற்சி செய்து பாருங்கள், அரை நிமிடம் தாங்காது. இப்போது பெரும்பாலான இடங்களில் ஒத்தின் வேலையைச் சுருதிப்பெட்டி பார்க்கிறது. செட்டில் முதலில் வேலை போனது ஒத்துக்காரருக்குத்தான்.

நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரம். புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஈரம் முற்றிலும் போன மரத்தைத்தான் ஆசாரிகள் தேடுவார்கள். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊதுகிற இடத்தில் இருப்பது சீவாளி, நாணலில் செய்தது. ஈரம், சூடு, உதட்டின் அழுத்தம் எது மாறினாலும் அதன் குரல் மாறும். அதனால்தான் கருவியிலேயே நூலில் கோத்து இரண்டு மூன்று சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்திருந்தால், அது ஸ்டெப்னி!

கிளாரினெட்டில் சாவிகள் இருக்கும், அழுத்தினால் அரைச் சுரம் வந்துவிடும். நாதஸ்வரத்தில் வாசிக்க ஏழு துளைகள் மட்டுமே. கீழே இருக்கும் மற்ற ஐந்தை மெழுகு வைத்துச் சுருதிக்கு ஏற்பத் திருத்திக்கொள்வார்கள். துளையைப் பாதி மூடுவது, உதட்டை இறுக்குவது, காற்றைக் குறைப்பது என்று மீதி எல்லாம் உடம்பால் வரவேண்டும். கமகம் அங்கே இருந்துதான் வருகிறது.

சரி, ரெண்டாவது நாயனம் எதுக்கு? முதல் காரணம், மூச்சு. ஒருவர் ஒரு நீண்ட சங்கதியை முடித்து நிறுத்தும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்வார். கேட்பவருக்கு இசை அறுபடாது. இரண்டாவது காரணம் அவ்வளவு வெளியே தெரியாது. அந்த இடம்தான் பள்ளிக்கூடம். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விட்ட இடத்தைப் பிடித்து, அவர் கை காட்டும்போது மட்டும் தனியாக வாசித்து, மேடையிலேயே கற்றுக்கொள்ளும் இடம்.

தெற்கே கோவில்பட்டி, வடக்கே மதுரை

இதற்கு நல்ல உதாரணம் விருதுநகருக்குக் கொஞ்சம் தெற்கேயே இருக்கிறது. 1921-ல் திருநெல்வேலி சீமையில் காருகுறிச்சியில் பிறந்து, பின்னாளில் கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், அவர் பக்கத்தில் இரண்டாவது நாயனம் வாசித்தவர்.

அந்த குருவே பெரிய துணிச்சல்காரர். நாதஸ்வரக்காரர்கள் சட்டை இல்லாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில் சட்டை போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர். ஒத்துக்குப் பதில் தம்பூரா வைத்துக்கொண்டார். குட்டையான, கீச்சென்று ஒலிக்கும் திமிரி நாயனத்தை விட்டு நீளமான, கனத்த குரலுள்ள பாரி நாயனத்துக்கு மாறினார். அதை அவருக்காகத் திருத்திச் செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இன்று நாம் கேட்கும் பெரும்பாலான நாதஸ்வரம் அந்த பாரிதான்.

சிஷ்யர் அந்தக் குரலைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்தார். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் வந்த 'சிங்கார வேலனே தேவா' பாட்டில், திரையில் ஜெமினி கணேசன் ஊதுவது இவருடைய நாயனம்தான். எஸ். ஜானகியின் குரல் ஒரு பக்கம், நாயனம் ஒரு பக்கம். ஆபேரி ராகத்தில் இரண்டும் விரட்டிக்கொண்டு போகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், குரல் எங்கே முடிகிறது, நாயனம் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் பிரிக்கவே முடியாது. 1964-ல் அருணாசலம் மறைந்தபோது அவர் நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்.

நான்கு வருடம் கழித்து, 1968-ல், 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜியின் சிக்கல் சண்முகசுந்தரத்துக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள், எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். தவிலோடு டி.எஸ். பாலையா படுத்தும் பாடு தனிக் கதை. தமிழ் சினிமாவின் ரெண்டு பெரிய நாதஸ்வரப் படங்களுக்கும் சத்தம் விருதுநகருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துதான் போயிருக்கிறது. நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர் என்று முடித்துவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

நையாண்டி மேளம்: சபைக்கு வராத சாகசம்

இந்த பெல்ட்டில் நாயனத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. கரகாட்டம், காவடியாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம். இரண்டு நாயனம், இரண்டு தவில், அதோடு பம்பை, தமுக்கு, தாளம். பெயரிலேயே கேலி இருக்கிறது. ஆடுகிறவரை மேளக்காரர் சீண்டுவார், அவர் திருப்பிக் கொடுப்பார். நாயனம் ஒரு வரியைச் சொல்லும், தவில் பதில் சொல்லும். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாயனக்காரர். அந்த வாழைப்பழப் பஞ்சாயத்து உண்மையில் ஒரு செட்டுக்குள் நடக்கிற சண்டைதான்.

சங்கீத சபைகளில் இதைக் கொஞ்சம் கீழே வைத்துத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பவருக்கு ராகமும் நேரமும் தெளிவு. விடியலுக்கு பூபாளம், இரவுக்கு நீலாம்பரி என்று மரபே வழி காட்டும். நையாண்டி மேளக்காரருக்கோ அடுத்த நிமிடம் என்ன வரும் என்று தெரியாது. தெம்மாங்கு போய்க்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் இருந்து ஒருவர் சினிமாப் பாட்டு கேட்பார். ஆடுகிறவரின் கால் வேகம் கூடும். ரெண்டு நாயனமும் கண்ணால் பேசிக்கொண்டு அந்த இடத்திலேயே மாற வேண்டும். ஜாஸ் வாசிப்பவர்கள் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1960-களில் மலேசியாவில் இருந்தபோது நாதஸ்வரம் கற்று, பிறகு ஜாஸ் மேடையில் அதை வாசித்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

செட் ஏன் சுருங்குகிறது?

கல்யாண வீட்டுக் கணக்கு எளிமையானது. ஆறு பேர் என்றால் ஆறு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டி. "தாலி கட்டும்போது கெட்டிமேளம் வந்தா போதும், எதுக்கு இத்தனை பேர்?" என்று கேட்பார்கள். ஒத்து போயாச்சு. அடுத்து ரெண்டாவது தவில் போகும், அப்புறம் ரெண்டாவது நாயனம். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு டிஜே, மாப்பிள்ளை அழைப்புக்குக் கேரளத்துச் செண்டை மேளம். இன்னும் சில மண்டபங்களில் கெட்டிமேளமே ஸ்பீக்கரில் வருகிறது.

கோயிலில் வேறு மாதிரி. தீபாராதனை நேரத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடி முரசையும் மணியையும் அடிக்கும் மெஷினை எத்தனையோ கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ஆள் வராத நாளுக்கு வசதிதான். ஆனால் மெஷின் வந்த பிறகு ஆளைத் தேடுவதே நின்றுபோகிறது.

ஒரு நாயனம், ஒரு தவிலோடு மங்கலகரமாக ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம், விருந்தாளிகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரியப்போவது இருபது வருடம் கழித்துத்தான். அருணாசலம் உட்கார்ந்து கற்ற அந்த ரெண்டாவது இடம் இல்லாவிட்டால் அடுத்தவர் எங்கே உட்கார்ந்து கற்பார்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நையாண்டி மேளம் ஒற்றை நாயனத்தில் ஓடாது. மணிக்கணக்கில் ஆட்டம் நடக்கும்போது ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் பிடித்தாக வேண்டும். பம்பைக்கும் தமுக்குக்கும் மேலே கேட்கவும் ரெண்டு பேர் வேண்டும். அதனால், சபைகள் கீழே வைத்துப் பார்க்கிற இந்த மேளத்தில் அந்த ரெண்டாவது இடம் பத்திரமாக இருக்கிறது.

கற்றுக்கொள்ள வேண்டுமென்றால்?

விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில் இரண்டும் மூன்று வருடப் படிப்பு. குடும்பத்தில் யாரும் வாசிக்காத பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் சேரலாம். மதுரை பொன்னுத்தாய் ஒற்றைப் பெண்ணாக ஆண்கள் மட்டுமே நின்ற இடத்தில் நாயனம் வாசித்துப் பேர் வாங்கியவர், 2012-ல் மறைந்தார். 2020-ல் ஷேக் மெகபூப் சுபானி, காலீஷாபி மெகபூப் தம்பதிக்குச் சேர்ந்தே பத்மஸ்ரீ கிடைத்தது.

பள்ளியில் சுரமும் கீர்த்தனையும் வரும். மேடையில் சீனியர் கை காட்டும் நேரத்துக்குக் காத்திருக்கும் பழக்கம், செட்டில் இடம் கிடைத்தால்தான் வரும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் பேசப் போனால், எத்தனை பேர் வருவார்கள் என்று அவர்களே முதலில் கேட்பார்கள். 'ரெண்டு நாயனம், ரெண்டு தவில்' என்று சொன்னால், கூட வருகிறவர் பெரும்பாலும் இளைஞராக இருப்பார்.