ஓர் ஆற்றுக்கு முகம் தந்த படம்

"ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தைப் படமெடுத்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவு அதற்குப் பதில் சொல்கிறது.

இளஞ்சிவப்பு மணற்கரை கொண்ட பெடர் ஏரியைப் படமெடுத்து மக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார் ஒலெகாஸ் ட்ருச்சானஸ். ஆனாலும், 1972-இல் நீர்மின் திட்டம் அந்த ஏரியை மூழ்கடித்தது. அதே ஆண்டு, கோர்டன் ஆற்றைப் படமெடுக்கச் சென்ற அவரும் நீரில் மூழ்கி இறந்தார்.

அவரிடம் பழகிய பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ், கனமான படக்கருவியுடன் படகில் சென்று பிராங்க்ளின் ஆற்றைப் படமெடுத்தார். அங்கும் அணை கட்டத் திட்டம் இருந்தது. காலைப் பனிமூட்டத்தில் ஒரு பாறைத்தீவு. அதைச் சுற்றி ஓடும் ஆறு. 1983 பொதுத் தேர்தலின்போது அந்தப் படம் நாளிதழ்களில் விளம்பரமாக வந்தது. ஆற்றை நேரில் பார்க்காதவர்களும் அதற்காகக் குரல் கொடுத்தார்கள். புதிய அரசாங்கம் அணையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமும் ஜூலை 1-இல் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அணைத் திட்டம் நின்றது.

மலைக்கும் காட்டுக்கும் படக்கருவியோடு கிளம்பும் இளையர்களே, அழகோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த இடம், எந்த நாள், அதற்கு என்ன ஆபத்து என்பதையும் எழுதி வையுங்கள். நாளை அதுவே சாட்சி சொல்லும்.