ஐபோனா? ஆண்ட்ராய்டா? கயிறு பிடிப்பவரைப் பாருங்கள்!

தூத்துக்குடி முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. அங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961-ம் ஆண்டில்.

கடலில் குதிப்பவருக்கு ஒரு கயிறு உண்டு. அதன் மறுமுனையைத் தோணியில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து கயிறு அசைந்தால், உடனே மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும்!

அதனால் அந்த வேலையை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டு. தன் சகோதரியின் தாலியைக் காப்பாற்றவாவது அவர் கண்ணும் கருத்துமாக இருப்பார் அல்லவா?

செல்போன் வாங்கப் போகிறவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். கயிறு பிடிப்பவர் யார்?

போனுக்குள் ஒரு மூளை

ஒவ்வொரு போனுக்குள்ளும் அதை ஓட்டுகிற மூளை ஒன்று இருக்கிறது. அதற்கு 'இயங்குதளம்' என்று பெயர்.

இன்று கடையில் இரண்டு மூளைகளுக்குத்தான் போட்டி. ஒன்று, ஆப்பிள் கம்பெனியின் 'ஐஓஎஸ்'. ஐபோனில் மட்டுமே இருக்கும். மற்றொன்று, கூகுள் கம்பெனியின் 'ஆண்ட்ராய்டு'. சாம்சங், விவோ என்று பல கம்பெனிகளின் போன்களிலும் இருக்கும். சில ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கும்.

இரண்டிலும் பேசலாம். வாட்ஸ்அப் பார்க்கலாம். பணம் அனுப்பலாம். பிறகு எதற்காக யோசிக்க வேண்டும்?

திருடர்கள் போனுக்குள் நுழையப் புதுப்புது ஓட்டைகளைத் தேடுகிறார்கள். கம்பெனி அவ்வப்போது 'அப்டேட்' அனுப்பி, ஓட்டையை அடைக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டால், கயிற்றைக் கைவிட்டதாகத்தான் அர்த்தம். போன் ஓடும். ஆனால் நாளடைவில், உள்ளே இருக்கும் செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

கயிறு அறுந்த கதை

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நோக்கியாவை மறக்க முடியுமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொழிற்சாலை திறந்த கம்பெனி அது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நோக்கியா!

அதன் பெரிய போன்களில் 'சிம்பியன்' என்ற மூளை இருந்தது. 2011 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'வின்டோஸ்' மூளைக்கு மாறப்போவதாக நோக்கியா அறிவித்தது. வாங்குகிறவர்கள் வரவில்லை. செயலி எழுதுகிறவர்களும் வரவில்லை.

2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாப்ட் கைக்குப் போயிற்று. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அதில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அங்கே உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

வின்டோஸ் போன் வாங்கியவர்கள் கதி? 2019 டிசம்பர் 31-ந் தேதியோடு அதில் வாட்ஸ்அப் நின்றது!

(வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்ரீபெரும்புதூரில் இப்போது ஐபோன் தயாராகிறது.)

கடலில் எது உதவும்?

கடலுக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தன் தொழிலுக்கு வேண்டிய செயலி எந்த மூளையில் ஓடுகிறது?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்ற செயலியை உருவாக்கியது. முதலில் அது பட்டன் போனில் வந்தது. பிறகு ஆண்ட்ராய்டுக்கு மாறியது. மீன் கிடைக்கும் இடம், அலை, காற்று, புயல் எச்சரிக்கை எல்லாம் சொல்லும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும்.

மன்னார் வளைகுடாவில் இந்தியா, இலங்கை எல்லை 1976-ல் வகுக்கப்பட்டது. கடலில் கோடா போட்டிருக்கிறது? தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போக வேண்டும்.

இருக்கும் இடத்தைப் போன் செயற்கைக்கோளைக் கொண்டு அறிகிறது. அதற்கு டவர் வேண்டாம். ஆனால் கரையில் இருந்து செய்தி வர டவர் வேண்டும். 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் அது கிடைப்பது அரிது. 2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததற்கு இதுவும் காரணம். அதற்காகவே 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியை வாங்கி, பக்கத்தில் உள்ள போனில் காட்டும். தருவைகுளம் படகுகளைப் போல், பல நாள் கடலில் தங்குகிறவர்களுக்கு எந்தப் போனும் தனியாகப் போதாது.

எதை வாங்குவது?

உப்புத் தண்ணீர் தெறிக்கும் படகுக்கு விலை உயர்ந்த ஐபோன் வீண் செலவு. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போதும். ஆனால் எத்தனை வருஷம் 'அப்டேட்' வரும் என்று கடைக்காரரிடம் கேட்காமல் பணத்தை எடுக்கக்கூடாது. மலிவான போன்களில் அது சீக்கிரமே நின்றுவிடும்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஐபோன் கேட்கிறதா? கயிறு நீளம்தான். 2018-ல் வந்த 'எக்ஸ்ஆர்' ஐபோனுக்கு, 2024-ல் வந்த புதிய இயங்குதளமும் கிடைத்தது. ஆனால் 2025-ல் வந்தது கிடைக்கவில்லை. பழைய ஐபோனை மலிவாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படகுக்கு வாங்குகிறவர், கடையிலேயே செயலியை ஏற்றிவிட்டு, தமிழில் வருகிறதா என்று பார்க்கலாம். பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு, வாசலில் வெட்டவெளியில் நின்று, இருக்கும் இடத்தைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.