சொன்ன தேதிக்கு வராத பார்சல்: பணத்துக்கு யார் பொறுப்பு?

“அக்கா, 12-ஆம் தேதிக்குள்ள கைக்கு வந்துடுமா? 14 நிச்சயதார்த்தம்.”

“வந்துடும் சிஸ்டர், நாளைக்கே போட்டுடறேன்.”

விழுப்புரத்தில் வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் ஒருவருக்கும் கோவையில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே வாட்ஸ்அப்பில் இப்படிப் பேச்சு நடந்ததாக வைத்துக்கொள்வோம். சேலை 16-ஆம் தேதிதான் போய்ச் சேருகிறது. வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். “நான் மறுநாளே கூரியரில் போட்டுட்டேன். லேட் பண்ணினது அவங்க. நான் ஏன் தரணும்?” என்கிறார் விற்றவர். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் சட்டம் வாடிக்கையாளர் பக்கம்தான் நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. சிறுவந்தாடு பட்டு, அய்யூர் அகரத்துக் காகிதக்கூழ் விநாயகர், திண்டிவனத்தில் மாடி அறையில் உட்கார்ந்து ஆரி ஒர்க் போட்டு அனுப்பும் பிளவுஸ் என இங்கிருந்து போகும் பல பொருள்கள் நாள் பார்த்து வாங்கப்படுபவை. சதுர்த்தி முடிந்து வரும் பிள்ளையாரை வாங்கியவர் அடுத்த ஆண்டுவரை எங்கே வைப்பார்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20-இல். மூன்று நாள் கழித்து, ஜூலை 23-இல், மின்வணிகத்துக்கான தனி விதிகளை மத்திய அரசு அறிவித்தது. அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் கடை போட்டிருப்பவர்களுக்கு விதி 6 பொருந்தும். தன் சரக்கைத் தன் தளத்திலேயே நேரடியாக விற்பவருக்கு விதி 7. இரண்டும் ஒரே கட்டளையைத்தான் இடுகின்றன: பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, காட்டியபடி இல்லாவிட்டாலோ, சொன்ன கால அட்டவணையைத் தாண்டி வந்தாலோ, அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது; வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அது இயற்கைச் சீற்றம் போல யார் கையிலும் இல்லாத காரணம்.

“வீட்டிலிருந்துதானே விற்கிறேன், ஜிஎஸ்டி எண்கூட இல்லையே” என்பதெல்லாம் இங்கே எடுபடாது. மின்னணு வலைப்பின்னல் வழியாக விற்கப்படும் எல்லாப் பொருளுக்கும் விதிகள் பொருந்தும். எப்போதாவது பழைய மிக்ஸியையோ கட்டிலையோ தனிப்பட்ட முறையில் விற்பவருக்குத்தான் விலக்கு. வாரா வாரம் லைவ் போட்டு விற்பது வியாபாரம். முகப்பில் ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று எழுதி வைப்பதாலும் இந்தக் கடமை மறைந்துவிடாது.

சொன்ன தேதி என்பது இணையதளத்தில் அச்சிட்ட தேதி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே கண்ட இரண்டு வரி உரையாடலே போதும். நிச்சயதார்த்தம் என்று காரணத்தையும் சொல்லித்தான் வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 55-ஆம் பிரிவின்படி, குறித்த காலம்தான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் எண்ணியிருந்தால், அந்தக் காலம் தவறியதும் ஒப்பந்தத்தைக் கைவிடும் உரிமை வாங்குபவருக்கு வந்துவிடும். அதே பிரிவில் விற்பவருக்குச் சாதகமான பகுதியும் இருக்கிறது. தாமதமாக வந்ததை வாங்கிக்கொள்பவர், வாங்கும்போதே ‘இதற்கு இழப்பீடு கேட்பேன்’ என்று தெரிவிக்காவிட்டால், பிறகு இழப்பீடு கோர முடியாது. சேலையைக் கட்டி, விழாவும் முடிந்து, பத்து நாள் கழித்துப் பணம் கேட்பவரின் வாதம் வலுவற்றது. பெட்டி வந்த அன்றே ‘லேட்டா வந்திருக்கு, எனக்கு வேண்டாம்’ என்று எழுதியவர் கதை அப்படி அல்ல.

தேதியே சொல்லாவிட்டால்? சரக்கு விற்பனைச் சட்டம், 1930 நியாயமான காலத்துக்குள் அனுப்பச் சொல்கிறது. எது நியாயம் என்பதைப் பிறகு வேறொருவர் தீர்மானிப்பார். அந்த நிலைக்கு விடாமல் நாமே ஒரு கெடு சொல்லிவிடுவதுதான் நல்லது.

விற்பவரின் வலி உண்மையில் வேறொரு இடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு முழுப் பணத்தையும் தந்துவிட்டு, அதைக் கூரியரிடம் வாங்கலாம் என்று போனால், பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் திரும்பும். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு இதற்குச் சாட்சி. கோடைக்காலத்துக்கான ஆயத்த ஆடைகளை ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்த அந்த நிறுவனம், சரக்குக்கான ஆவணங்களை 1990-இல் டிஹெச்எல் கூரியரில் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. மாநில ஆணையம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் தரச் சொன்னது. தேசிய ஆணையமோ ரசீதில் அச்சிட்டிருந்த வரம்பைக் காட்டி அதை 100 டாலராகக் குறைத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கையெழுத்துப் போட்ட ரசீதின் நிபந்தனை கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பின் சாரம். கூரியர் ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருப்பதை ஒருமுறையாவது கண்ணாடி போட்டுப் படித்துவிடுங்கள். அஞ்சல் துறையிலும் இதே நிலைதான்: ஸ்பீடு போஸ்ட் தாமதமானால் கட்டிய கட்டணம் திரும்பும், தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 12,000 ரூபாய்ப் பட்டை இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்புகிறவர் அந்தச் சுமை முழுவதையும் தானே ஏற்கிறார்.

இந்த ஏற்பாடு சிறு விற்பனையாளரை நசுக்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்காக வாடிக்கையாளரைக் கூரியர் அலுவலகத்துக்கு அலையவிடுவது நியாயமாகாது. கூரியரைத் தேர்ந்தெடுத்தது நாம்.

விலக்குக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட, டிசம்பர் 2-ஆம் தேதி ரயில்கள் ரத்தாகின, பல மாற்றுப் பாதையில் போயின. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே நீரில் மூழ்கியது. அந்த நாள்களில் விழுப்புரத்திலிருந்து கிளம்ப முடியாத பார்சலுக்கு விற்பவர் பொறுப்பாளி அல்ல. அன்றைய ரயில்வே அறிவிப்பும் ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பும் டிராக்கிங் பக்கத்தின் படமும் ஆதாரமாகும்.

இந்த விலக்கை நீட்டி இழுக்கக் கூடாது. நவம்பர் 20-க்குள் தருவதாகச் சொன்ன பொருளின் தாமதத்துக்குப் புயல் மேல் பழி போட முடியாது. தீபாவளி நெரிசல், கூரியரில் ஆள் பற்றாக்குறை, தறிக்காரர் தாமதம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள். பொருள் கடைசிவரை போய்ச் சேரவே இல்லையென்றால், காரணம் புயலாகவே இருந்தாலும், தராத பொருளுக்குப் பணத்தை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இடம் தராது.

பதில் சொல்லாமல் வாடிக்கையாளரை பிளாக் செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. கார்டில் பணம் கட்டியவர் தன் வங்கியிடம் போய், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். பேமென்ட் கேட்வேயிலிருந்து மின்னஞ்சல் வரும். அது தரும் சில நாள் கெடுவுக்குள் பில், அனுப்பிய ரசீது, சேர்ந்ததற்கான சான்று, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டாலே பணம் போய்விடும். இன்னொரு பக்கம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய மாற்றம். கோவை வாடிக்கையாளர் விழுப்புரம் வர வேண்டியதில்லை. விழுப்புரத்துக்காரர்தான் கோவைக்குப் பதில் சொல்ல வேண்டும். காணொலியில் ஆஜராக விண்ணப்பிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது, ஆகவே 3,000 ரூபாய்ச் சேலைக்கு யார் கேஸ் போடப் போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது. நோட்டீஸ் வந்தால் 30 நாளில் எழுத்துப்பூர்வ பதில். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

பெரும்பாலான தகராறை ஆர்டர் எடுக்கும்போதே தடுத்துவிடலாம். நம் கையில் இருப்பது அனுப்பும் தேதி மட்டும். அதை உறுதியாகச் சொல்லுங்கள். போய்ச் சேரும் தேதியை இரண்டு, மூன்று நாள் தாராளமாக வைத்துச் சொல்லுங்கள். “10-ஆம் தேதி அனுப்பிடுவேன் சிஸ்டர். சாதாரணமா 13-லேர்ந்து 16-க்குள்ள வரும். 14-க்கு கண்டிப்பா வேணும்னா இந்த ஆர்டரை நான் எடுக்கலை” என்று எழுதினால் ஓர் ஆர்டர் போகலாம். போகட்டும். டிராக்கிங் ஒரே இடத்தில் நிற்பது தெரிந்தால் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே தகவல் சொல்லி, காத்திருக்கிறாரா, பணம் வேண்டுமா என்று கேளுங்கள். ‘பணத்துக்குப் பதிலா வேற சேலை எடுத்துக்கோங்க’ என்று கேட்டுப் பார்க்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. நம் பக்கத் தாமதத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் நாமே ஏற்பதுதான் முறை.

பணத்தை அது வந்த வழியிலேயே திருப்புங்கள். வேறு யுபிஐ ஐடி அனுப்பி ‘இதுல போடுங்க’ என்றால் மறுத்துவிடுங்கள். பிறகு ‘எனக்கு வரவே இல்லை’ என்ற இரண்டாவது சண்டை வரும். திரும்பி வரும் பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக, முகவரிச் சீட்டு தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கிரெடிட் நோட் போட்டால்தான் கட்டிய வரியைச் சரிக்கட்ட முடியும். அதைக் கணக்கில் காட்டக் கடைசி நாள், விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியே கெடு.