பெருங்குடல் புற்றுநோய்: ஆஸ்பிரின் யாருக்கு, யாருக்கு வேண்டாம்

பெருங்குடலில் இருந்த கட்டியை அறுத்தெடுத்த பிறகு தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் நோய் திரும்பாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். விலை மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ கடன் வாங்கி அறுவையையும் கீமோவையும் முடித்த குடும்பத்துக்கு இதைவிட ஆறுதலான சேதி எது? ஆனால் அந்த மாத்திரையைப் போடும் முன் கேட்டுப் பெற வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் சொல்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு ஒன்றுதான் இந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் அறுவை முடிந்தவர்களுக்குத் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரினை மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். முதன்மையாகப் பார்த்த பிரிவில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 14.1 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுக்குள் நோய் திரும்பியது. ஆஸ்பிரின் பெற்றவர்களில் 7.7 சதவீதம். ஏறக்குறைய பாதி. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருக்குமே கட்டியில் பி.ஐ.3.கே. என்ற நொதியோடு தொடர்புடைய மரபணு மாற்றம் இருந்தது. சோதித்த நோயாளிகளில் சுமார் 37 சதவீதம் பேரிடம்தான் அது காணப்பட்டது. மரபணுவைப் பார்க்காமல் பலருக்கும் 200 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு ஒன்று சிங்கப்பூர் தலைமையில் ஆசிய நாடுகளில் நடந்தது. அதில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் கிடைக்கவில்லை.

செல்லுக்குள் நடக்கிற பெரும்பாலான வேதிவினைகளை நொதிகள்தான் முடுக்கிவிடுகின்றன. புற்றுநோய் செல் அவற்றில் சிலவற்றை ஓயாமல் ஓடவிட்டுப் பெருகுகிறது. அந்த நொதியை அடைத்துவிட்டால் பெருக்கம் தடைபடும். எந்தக் கட்டியில் எந்த நொதி ஓடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் பரிசோதனை இவ்வளவு முக்கியம்.

நொதியை அடைப்பது புதிய யோசனையும் அல்ல. 1957 முதல் அறியப்பட்ட ஃபுளூரோயுராசில், அதன் மாத்திரை வடிவமான கேப்சைட்டபின் இரண்டும் டி.என்.ஏ. உருவாகத் தேவையான ஒரு நொதியை முடக்குகிற மருந்துகளே. குடல் புற்றுநோய்க்கு இன்றும் இவைதான் அடிப்படை மருந்து. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவதற்கும் உடம்பில் ஒரு நொதி உண்டு. டி.பி.டி. என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும்: வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு. ஐரோப்பிய மருந்து முகமை 2020-லேயே சிகிச்சைக்கு முன் இதைச் சோதிக்கப் பரிந்துரைத்தது. முதல் சுற்றுக்கு முன் "டி.பி.டி. பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். சுற்று தொடங்கியபின் வயிற்றுப்போக்கு மிஞ்சினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மருத்துவர் சொல்லாமல் நொதித் தடுப்பான்களை விழுங்குவதால் வரும் ஆபத்தை வயாக்ஸ் கதையே சொல்லும். ரோஃபெகாக்ஸிப் என்ற அந்த வலி மாத்திரை காக்ஸ்-2 நொதியை அடைப்பது. பெருங்குடலில் சிறு கட்டிகள் மீண்டும் வராமல் தடுக்குமா என்று அதைச் சோதித்தபோதுதான் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. 2004 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் அந்த ஆண்டே தடை வந்தது. அதே வகையைச் சேர்ந்த செலிகாக்ஸிப் இன்னும் மருத்துவர் சீட்டின் பேரில் விற்பனையில் இருக்கிறது. ஆஸ்பிரினும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அறுவை நடந்த மருத்துவமனையில் உங்கள் பயாப்ஸி பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு அவைதான் வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மருந்தால் வந்த பக்கவிளைவை நீங்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கும். பூந்தமல்லிக்காரர்கள் பெங்களூரு சாலையிலேயே நேரே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தும் அதில் உள்ள ஓர் உரிமை தெரிவதில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தாவும் சரியாகக் கட்டப்பட்டிருந்தால், புற்றுநோய்க்கான நீண்டகால நோய் உதவியாகக் கூலியில் 80 சதவீதத்தை அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை பெறலாம். கீமோ நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகவே கழித்துவிடாதீர்கள்.

புது மருந்து ஆய்வில் சேரச் சொன்னால் பயப்படவும் வேண்டாம், உடனே கையெழுத்தும் வேண்டாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணையும், ஆய்வு அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கும் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்றே நினைத்துச் சுவரொட்டியில் பார்த்த இடத்தில் மாதக்கணக்கில் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. மலம் போகும் வழக்கம் மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ஆண்களுக்கு ரத்தசோகை இவற்றில் எது தொடர்ந்தாலும் கொலோனோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நோய் உறுதியானவர்கள், டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்.எம்.ஆர். பரிசோதனையையும் பயாப்ஸி பிளாக்கில் செய்யச் சொல்லுங்கள். அதில் குறை தெரிந்தால் லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று அடுத்து பார்ப்பார்கள். அப்படி இருப்பவர்களுக்கு ஆஸ்பிரின் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பிரிட்டன் தலைமையில் நடந்த காப்2 ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் எடுத்தவர்களுக்குப் பின்னாளில் குடல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. உங்களுக்கு லிஞ்ச் உறுதியானால் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.