சித்திரக்குள்ளனும் சாலைக்கடை நட்சத்திரமும்: தெரியுமா உங்களுக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் சாலை பஜாரில் எல்லோருக்கும் அண்ணாந்த பார்வைதான். தலைக்கு மேலே அத்தனை நட்சத்திரங்கள்! திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய கடைத்தெரு அது. இன்றைக்கும் அங்கே மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். விதவிதமான விளக்குகள், கிறிஸ்துமஸ் தாத்தா, பச்சைக் குல்லா போட்ட சித்திரக்குள்ளன்... இவர்களெல்லாம் எங்கெங்கிருந்து நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள் தெரியுமா?

சித்திரக்குள்ளனுக்குப் படையல் உண்டு, தெரியுமா?

ஸ்வீடன் கிராமங்களில் அவன் பெயர் தொம்தெ. தொழுவத்தையும் மாடுகளையும் காக்கும் குட்டிக் கிழவன். கிறிஸ்துமஸ் இரவில் அவனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைப்பார்கள். மேலே வெண்ணெய் மிதக்க வேண்டும். வெண்ணெயை மறந்தால் பொல்லாத கோபம் வந்துவிடுமாம்! நம் ஊர் எல்லைச்சாமிக்குப் பொங்கல் வைப்பதுதானே நினைவுக்கு வருகிறது? 1881-ல் யென்னி நீஸ்ட்ரோம் என்ற பெண் ஓவியர் இவனை வரைந்தார். பிறகு அவருடைய வாழ்த்து அட்டைகளில் ஏறி, சிவப்புக் குல்லாவும் வெண்தாடியுமாகக் கிறிஸ்துமஸின் முகமாகவே ஆகிவிட்டான்.

அமெரிக்கக் குள்ளன் ஜப்பானில் பிறந்தவன், தெரியுமா?

1950, 60-களில் அமெரிக்க வீடுகளின் அலமாரிகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்த குட்டிப் பொம்மைகள் பலவும் ஜப்பானில் செய்தவை! அந்தப் பழைய பொம்மைகளை இன்று தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். 2005-ல் கரோல் ஏபர்சோல்டும் மகள் சாண்டா பெல்லும் 'தி எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' என்ற படப்புத்தகத்தைப் பொம்மையோடு வெளியிட, புது வழக்கமே பிறந்தது. குழந்தைகள் குள்ளனைத் தொடவே கூடாது. ராத்திரி அவன் வடதுருவம் போய்த் தாத்தாவிடம் பிள்ளைகளின் சேதியைச் சொல்லித் திரும்புவான். காலையில் பார்த்தால் வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பான்! இடம் மாற்றும் வேலை அப்பா அம்மாவுடையது.

பொம்மை இப்படி வந்து போவது திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குப் புதிதே அல்ல. கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டி இறங்கும். துணி சுற்றிய மரப்பாச்சி கண் விழிக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வரும் விருந்தாளிகள் அல்லவா அந்தப் பொம்மைகள்!

ஒரு நட்சத்திரத்துக்கு எத்தனை குச்சி, தெரியுமா?

பிளாஸ்டிக்கும் எல்இடியும் வராத காலம். மூங்கிலைச் சன்னமாகச் சீவி, ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு நடுவில் குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால், தட்டையாகக் கிடந்தது சட்டென்று வயிறு உப்பி எழும்! மொத்தம் 15 குச்சிதான். மைதாப் பசை தடவி வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்தால் வீட்டுக்கு வானம் இறங்கிவிட்டது. சர்ச்சும் மசூதியும் கணபதி கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் பாளையம் அல்லவா இந்த ஊரின் நடுமையம்? நட்சத்திரம் கட்ட இங்கே யாரும் மதம் பார்ப்பதில்லை. சினிமாவும் அதில் ஏறிவிடும்: 2015-ல் 'பிரேமம்' என்ற மலையாளப் படம் சக்கைபோடு போட்டதும், கேரளக் கடைகளில் 'பிரேமம் ஸ்டார்' தொங்கியது!

தாள் நட்சத்திரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் உறவு, தெரியுமா?

1830-களில் ஜெர்மனியின் நீஸ்கியில், மொரேவியன் சபைப் பள்ளி ஒன்றில், கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தில் மடித்தது ஒரு நட்சத்திரம். 25 முனைகளோடு இன்றும் ஹெர்ன்ஹுட் ஊரில் அதைச் செய்கிறார்கள். அந்தச் சபையார் 1760-லேயே நம் தரங்கம்பாடிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தோட்டம் போட்டு வாழ்ந்தவர்கள்! அவர்கள் தரங்கம்பாடியிலிருந்து கிளம்பிப் போன பிறகுதான் ஜெர்மனியில் நட்சத்திரம் பிறந்தது.

குடிலில் நெல் முளைக்கும், தெரியுமா?

1223-ல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். இங்கே மலையாளத்தில் அது புல்கூடு. பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே நெல்லை ஊறவைத்து ஈரமண்ணில் தூவிவிடுவார்கள். பாலகன் பிறக்கும் ராத்திரியில் விரல் உயரத்துக்குப் பச்சை நாற்று நிற்கும்! தாத்தாவுக்கும் இங்கே சொந்தப் பெயர் உண்டு: கிறிஸ்துமஸ் அப்பூப்பன். முகமூடியும் தலையணைத் தொப்பையுமாக, கொட்டு முழங்க வீடு வீடாக வருவார்.

பலகாரத் தட்டுக்கும் பயணக்கதை உண்டு, தெரியுமா?

1883-ல் தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்பவர் கேட்டுக்கொள்ள, மாம்பள்ளி பாபு சுட்டதுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். திருவனந்தபுரத்தின் சாந்தா பேக்கரி மாம்பள்ளிக் குடும்பத்தின் கிளைதான். பக்கத்திலேயே மொறுமொறு அச்சப்பம். குமரிப் பக்கம் அச்சுமுறுக்கு. காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய பூ அச்சை மாவில் தோய்த்து மறுபடி எண்ணெயில் முக்கினால், பூ தானாகக் கழன்று மிதக்கும். தொம்தெயின் ஊரான ஸ்வீடனிலும் கிறிஸ்துமஸுக்கு இதே போன்ற அச்சில் இதே போன்ற பூவைப் பொரிக்கிறார்கள்!

இந்த டிசம்பரில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தாள் பற்றிக்கொள்ளாமல் நட்சத்திரத்துக்குள்ளே விளக்கை எப்படி வைத்தீர்கள்?" பதில் வருவதற்கு முன்பே அவர்களுடைய விரல்கள் காற்றில் குச்சி கட்டத் தொடங்கியிருக்கும். பக்கத்தில் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். 15 குச்சி போதும்!