கைக்குழந்தையைச் சுமக்கும் ‘கரியர்’: வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

சைக்கிளின் பின்புறத்திலுள்ள கரியரையே நெடுங்காலமாக அறிந்திருந்த நமது சமூகத்தில், இப்போது இன்னொரு கரியரும் புழக்கத்திற்கு வந்திருக்கின்றது. கைக்குழந்தையை மார்போடோ முதுகோடோ அணைத்துச் சுமப்பதற்கான பட்டிகள் கொண்ட துணிப்பையே அது. சந்தைக்கும் கிளினிக்குக்கும் செல்லும் தாய்மாரிடத்தில் மாத்திரமன்றி, விடுமுறை நாட்களில் எல்ல, ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் நடைப்பயணம் மேற்கொள்ளும் இளம் பெற்றோரிடத்திலும் இதனைக் காண முடிகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிறத்தையும் விலையையும் மாத்திரம் பார்த்து இது வாங்கப்படுகின்றது என்பதனாலேயே இவ்விடயம் குறித்துச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது.

குழந்தையைத் துணியினால் உடலோடு கட்டிச் சுமப்பது மேலைநாட்டாரின் கண்டுபிடிப்பன்று. சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலும் இது தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கம். 1960களில் மேற்கு ஆபிரிக்காவின் டோகோவில் தாதியாகப் பணியாற்றிய ஆன் மூர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அங்குள்ள தாய்மார் குழந்தைகளை முதுகில் கட்டிச் செல்வதைக் கண்டு, நாடு திரும்பியதும் தமது தாயாரின் உதவியுடன் அதுபோன்றதொரு பையை உருவாக்கினார். 1969இல் காப்புரிமம் பெற்ற அந்த ‘ஸ்னக்லி’யே இன்றைய கரியர்களுக்கு ஒரு முன்னோடி எனலாம். நமது பெண்களோ பெரும்பாலும் குழந்தையை இடுப்பில் இருத்திப் பழகியவர்கள். நமது வீடுகளில் சேலை ஏணையாகியது. சுமக்கும் கட்டாக அது அதிகம் மாறவில்லை. இதன் விளைவு யாதெனில், டோகோவில் மகளுக்குத் தாய் சொல்லிக் கொடுக்கும் கட்டும் முறையை இங்கு எந்த அம்மம்மாவாலும் உம்மம்மாவாலும் சொல்லிக் கொடுக்க முடிவதில்லை. பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஆங்கிலத் துண்டுப் பிரசுரமே ஆசானாகின்றது. அதனைப் படிப்போர் எத்தனை பேர்?

குழந்தையைச் சுமப்பதனால் நன்மையுண்டு என்பதில் ஐயமில்லை. கனடாவின் மொன்றியல் நகரில் நடத்தப்பட்டு 1986இல் வெளியான ஆய்வொன்றில், கூடுதலான நேரம் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் ஏனைய குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதமை பதிவாகியுள்ளது. தாயின் இரு கைகளும் விடுபடுவது இன்னொரு நன்மை. ஒரு கையில் திரிபோஷ பொதியும் மறு கையில் மூத்த பிள்ளையின் விரலுமாக பஸ்ஸில் ஏறும் தாய்க்கு இதன் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் முதலிற் பார்க்க வேண்டியது குழந்தையின் மூச்சு. பிறந்து நான்கு மாதங்கள் வரையிலான குழந்தைக்குத் தலையைத் தானாக நிமிர்த்தி வைத்திருக்கும் வலு போதாது. நாடி நெஞ்சில் முட்டும்படி உடல் வளைந்துவிட்டால் மூச்சுக்குழல் ஒடுங்கிவிடுகின்றது. துணி மூக்கை மூடினாலும் குழந்தையால் முகத்தைத் திருப்ப முடியாது. அழக்கூட இயலாத நிலையில் சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். சுமப்பவரோ குழந்தை உறங்குவதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில், தோளில் தொங்கும் துணித்தூளிகளோடு தொடர்புடையதாக 20 ஆண்டுகளில் குறைந்தது 14 மரணங்கள் சுட்டிக்காட்டப்பட்டிருந்தன. அவற்றுள் 12 குழந்தைகள் நான்கு மாதத்தை எட்டாதவர்கள்.

எனவே எந்த வகைக் கரியராயினும் குழந்தை நிமிர்ந்த நிலையில், சுமப்பவரின் உடலோடு இறுக்கமாக இருத்தல் வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடக்கூடிய உயரத்தில் தலை இருக்க வேண்டும். முகம் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். முதுகு சரிந்து மடியாதவாறு துணி தாங்க வேண்டும். கரியருக்குள் வைத்துப் பாலூட்டுவோர், பால் குடித்து முடிந்ததும் குழந்தையை மீண்டும் நிமிர்த்திவிட மறக்கலாகாது.

பட்டியும் கொளுவியும் கொண்ட கரியர்களில் பல 3.2 கிலோ அல்லது 3.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு உரியவையல்ல. நமது நாட்டில் 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் அரிதல்ல என்பதால், கடைக்காரரின் வாக்கை நம்பாது, கிளினிக்கில் தரப்பட்ட வளர்ச்சிப் பதிவேட்டிலுள்ள நிறையைப் பார்த்தே வாங்க வேண்டும். குறைமாதக் குழந்தை, சுவாச நோயுள்ள குழந்தை எனில் வைத்தியரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேளாது வாங்கவே கூடாது. கால்கள் நேராகக் கீழே தொங்கும் ஒடுங்கிய இருக்கையைவிட, ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து மறு முழங்காலின் பின்புறம் வரை தாங்குகின்ற அகன்ற இருக்கை இடுப்பு மூட்டுக்கு நல்லது. அதில் முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும்.

அன்றாடத் தேவைக்கு நமது வெப்பநிலையே முதற் பகை. பல சுற்றுகளாகக் கட்டும் நீண்ட இழுபடு துணி, குளிர்நாட்டில் இதமானது. மட்டக்களப்பின் பங்குனி வெயிலில் அது குழந்தையை அவித்துவிடும். மெல்லிய பருத்தியினாலோ வலைத்துணியினாலோ ஆன, இரண்டு நிமிடத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய கரியரே இங்கு ஏற்றது. சேலை அணிவோர் தோள்மடிப்பில் குத்தும் ஊசியையும், ஹிஜாப் அணிவோர் கழுத்தருகே குத்தும் ஊசியையும் குழந்தையின் முகம் படாத இடத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சை மூலம் பிரசவித்த தாய்க்கு இடுப்புப்பட்டி காயத்தின் மேல் அழுத்தலாம். அத்தகைய வேளையில் தந்தை சுமப்பதே முறை. மற்றைய வேளைகளிலும் அவர் சுமப்பதில் குறையொன்றுமில்லை! ஆதலால் இருவரின் உடலுக்கும் ஏற்றவாறு பட்டியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதா என்று பார்ப்பது அவசியம்.

மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. நெஞ்சில் கரியரைக் கட்டி, அதில் குழந்தையை வைத்து, கணவரின் பின்னால் அமர்ந்து செல்லும் காட்சி நமது வீதிகளில் புதிதல்ல. கையில் பிடித்திருப்பதைவிடப் பாதுகாப்பானது என்று அவர்கள் எண்ணுகின்றனர் போலும். கரியர் நடப்பதற்கென ஆக்கப்பட்டது. மோதலைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லை. விபத்தின்போது குழந்தை, பெரியவரின் உடலுக்கும் முன்னாலுள்ளவற்றுக்கும் இடையில் நசுங்கும். முச்சக்கரவண்டிக்கும் காருக்கும் இது பொருந்தும். காரில் குழந்தைக்குரிய ஆசனத்தில் இருத்துவதே முறை.

மலைநடைக்கு வருவோம். உலோகச் சட்டகம் கொண்ட முதுகுக் கரியர் இதற்கெனவே ஆக்கப்பட்டது. குழந்தை பிடிமானமின்றித் தானாக உட்காரத் தொடங்கிய பின்னரே, அதாவது ஆறு மாதமளவிலோ அதன் பின்னரோதான் அதில் இருத்தலாம். இவ்வகைக் கரியர்கள் பல, ஏறக்குறைய 22 கிலோவை உச்ச எல்லையாகக் கொண்டவை. கரியர் 3 கிலோ, ஒரு வயதுக் குழந்தை 9 கிலோ, நீரும் உணவும் மாற்றுடையும் 4 கிலோ எனக் கொண்டால் 16 கிலோ தோளில் ஏறிவிடுகின்றது. அதுவும் உயரத்தில் இருக்கும் சுமை. குனிந்தால் தலைக்கு மேலாகச் சரியும். எதையேனும் எடுக்க முழங்காலை மடித்தே இறங்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு தடவை மலையேறுபவர் இதற்குப் பெருந்தொகை செலவிடத் தேவையில்லை என்பதே நமது கருத்து. முதுகிலும் மாட்டக்கூடிய நல்ல துணிக்கரியர் ஒன்று சந்தைக்கும் போதும், எல்லவின் சிறு குன்றுக்கும் போதும்.

ஹோர்ட்டன் சமவெளி வேறு கதை. 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் சுமப்பவருக்கு வியர்க்கும். அசையாது தொங்கும் குழந்தையின் கால்களோ விறைக்கும். சுமப்பவரின் உடம்பை வைத்துக் குழந்தையின் குளிரை அளவிடக்கூடாது. மணிக்கொரு தடவையேனும் இறக்கி, காலுறையைக் கழற்றி, பாதத்தையும் பிடரியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மழைக்காடுகளில் அட்டைகளும் அந்தப் பாதங்களைத்தான் தேடும்.

இந்துக்களால் சிவனொளிபாதமலை என்றும் முஸ்லிம்களால் பாவா ஆதம் மலை என்றும் போற்றப்படும் 2,243 மீற்றர் உயர மலைக்கு, டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையிலான பருவத்தில் குழந்தைகளுடன் செல்வோர் பலர். 5,000க்கும் மேற்பட்ட படிகள், இரவுப் பயணம், நெரிசல், இறங்கும்போது நடுங்கும் முழங்கால் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டால், முதுகில் குழந்தையுடன் ஏறுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

வாங்கும்போது தையலையும் கொளுவியையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலிகளும் விற்கப்படுகின்றன. ஐரோப்பியத் தரமான ஈ.என். 13209 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.ரி.எம். எஃப்2236 பற்றிய குறிப்பும், குறைந்தபட்ச, உச்ச நிறை அளவுகளும் உள்ளனவா எனத் தேட வேண்டும். உறவினரின் பழைய கரியரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. வெடிப்புற்ற கொளுவியோ நைந்த பட்டியோ இருந்தால் அதனை ஒதுக்கிவிட வேண்டும். வாங்கியதும் வீதியில் இறங்காது, முதலில் அரிசிப் பொதியொன்றை வைத்துக் கட்டிப் பழகி, பின்னர் கட்டிலருகே நின்று, இன்னொருவர் துணையுடன் குழந்தையை இருத்திப் பார்க்கலாம்.